தங்க அரணை இல்லாத ஊர்

மாப்பிள்ளைக்கு ஜோத்பூரில் ரயில்வே உத்தியோகம் என்று தரகர் சொன்னதுமே அம்மா முந்தானையால் மூக்கைத் துடைக்க ஆரம்பித்துவிட்டாள். நாள்கணக்கில் ரயில், குடிக்கத் தண்ணீர் கிடையாது, தமிழ் பேச ஒரு ஈ காக்கா கிடையாது. ஏற்கெனவே இரண்டு பெண்வீட்டார் ஊர்ப் பெயரைக் கேட்டே வேண்டாம் என்றிருந்தார்கள். நான் போட்டோவைக்கூடப் பார்க்காமல் சரி என்றேன். பெண்ணுக்கு எவ்வளவு அடக்கம் பாருங்கள் என்று தரகர் மெச்சிக்கொண்டார்.

அடக்கமாவது மண்ணாவது. நான் மெட்ராஸில் விடுதியில் தங்கி விலங்கியல் படித்தவள். கூடப் படித்த பெண்கள் தவளையோடு நிறுத்திக்கொண்டார்கள். எனக்கு ஓணான், அரணை, பல்லி, உடும்பு என்றால் பைத்தியம். செதிளையும் நிறத்தையும் பார்த்து இன்ன இனம் என்று சொல்வதில் எனக்கிருந்த வெறி, மற்றவர்களுக்குச் சினிமாவில்தான் இருந்தது. கல்லூரி நூலகத்துத் தடிப் புத்தகம் ஒன்றில் ராஜஸ்தான் பாலைவனத்து ஓணான்களைப் பற்றிக் கொஞ்சம் இருந்தது. ஒன்றுக்கு வாலில் முள் வளையம் வளையமாக அடுக்கியிருக்கும். இன்னொன்று மணல் நிறம், மணலுக்குள்ளேயே முழுகிவிடும். அதற்குப் படம்கூடக் கிடையாது, நாலு வரி வருணனைதான். அந்த நாலு வரியை நினைத்து நான் ஏங்காத நாள் இல்லை. எங்கள் பாலாறு பூராவும் மணல்தான், ஆனால் அதில் கிரிக்கெட் ஆடுகிற தடியன்களைத் தவிர வேறு ஜீவராசி எதையும் நான் கண்டதில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அந்தக் கல்யாணம் வேண்டும். மாப்பிள்ளைக்கு இரண்டு கண்ணும் ஒரு மூக்கும் இருந்தால் போதும்.

ஆரணியிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் மட்டும். எங்கள் வீட்டில் கூடம் என்றாலே பாதி தறிதான். அரைகுறையாக நெய்த புடவையோடு பாவு நூல் விரித்தபடி இருந்தது. மீதி இடத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். மாப்பிள்ளையின் அம்மா கேசரியை வாயில் வைக்கிற நேரத்தில் ஓட்டுக்கூரையிலிருந்து தொப்பென்று ஏதோ அவர் உச்சந்தலையில் விழுந்தது. கொண்டையை ஒரு சுற்றுச் சுற்றி, தோள்வழியாக இறங்கித் தறிக்கு அடியில் ஓடியது.

பல்லி தலையில் விழுந்தால் கலகம் என்பது பஞ்சாங்கம். வேறு ஊராக இருந்தால் அந்தச் சம்பந்தம் அத்தோடு முடிந்திருக்கும். சின்ன காஞ்சிபுரத்தில் அதெல்லாம் ஒரு விஷயமா? இரண்டு தெரு தள்ளி வரதராஜப் பெருமாள் கோயில். அங்கே மேற்கூரையில் தங்கப் பல்லியும் வெள்ளிப் பல்லியும் இருக்கின்றன. படியேறித் தொட்டுவிட்டால் எந்தப் பல்லி எங்கே விழுந்த தோஷமும் போய்விடும். அப்பா பதறவே இல்லை.

"ஒண்ணும் இல்ல சம்பந்தியம்மா, ரிக்‌ஷா கூப்புடறேன். பல்லியத் தொட்டுட்டு வந்துடலாம். பஜ்ஜிகூட ஆறாது."

அந்த அம்மாளும் பதறவில்லை. எப்படியும் தங்கப் பல்லியைப் பார்த்துவிட்டுத்தான் ஊருக்குப் போவதாக இருந்தாராம். எல்லாம் சுபம். நான் வாயை மூடிக்கொண்டு தரையைப் பார்த்திருந்தால் போதும்.

தரையைத்தான் பார்த்தேன். அதுதான் வினையாகப் போயிற்று. பாவுக்கு அடியில் அது நின்றுகொண்டிருந்தது, உடம்பு எண்ணெய் தடவினாற்போல மின்னியது. பல்லி இப்படி மின்னாதே! அடுத்த நிமிஷம் நான் பட்டுப்புடவையோடு தவழ்ந்து தறிக்கு அடியில் போயிருந்தேன். அப்பா என்னைப் பற்றிக் கவலைப்படவில்லை, "பாவு, பாவு" என்று மட்டும் கத்தினார். பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். விரலடியில் பல்லிக்கு இருக்கிற ஒட்டுத்திண்டு இல்லை. செதிள்கள் ஓடு வேய்ந்தாற்போல ஒன்றன்மேல் ஒன்று, ஒவ்வொன்றிலும் மெல்லிய வரிமேடு. முதுகு வெண்கல நிறம், விலாவில் சிவப்பு. ஜோடி தேடும் பருவத்து ஆண். என்ன அழகு!

"அரக்கு பார்டரு," என்றார் அப்பா, தன்னை மறந்து.

"இது பல்லி இல்லப்பா. அரணை," என்றேன் நான், பரீட்சையில் சொல்வதுபோல.

அரணை நக்கினாலே ஆள் காலி என்று நம்புகிற ஜனங்கள் நாங்கள். ரிக்‌ஷா கூப்பிட எடுத்த துண்டை அப்பா மறுபடி கொடியில் போட்டார். கோயிலில் தங்கப் பல்லி இருக்கிறது, வெள்ளிப் பல்லி இருக்கிறது, அரணைக்கு ஒன்றுமே இல்லை. கையில் இருந்த பரிகாரத்தை நானே கெடுத்துக்கொண்டேன். விஷமே கிடையாது, பரம சாது என்று சொல்லிப் பார்த்தேன், யார் கேட்டார்கள்? மாப்பிள்ளையின் அம்மா கொண்டையை அவிழ்த்து, நக்கியிருக்கிறதா பார் என்று என் அம்மாவிடம் தலையைக் காட்டினார். என் அம்மா பேன் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்த அம்மாள் கொண்டையை முடிந்துகொண்டு, கிளம்பலாம் என்று எழுந்தார். மணலில் முழுகும் என் ஓணான் ஒரேயடியாக முழுகிப்போயிற்று.

கிளம்பத்தான் மாப்பிள்ளையைத் தேடினார்கள். அவர் நாற்காலிமேல் நின்றுகொண்டிருந்தார், வேட்டியை முழங்காலுக்கு மேல் பிடித்தபடி. அது விழுந்த நேரத்திலேயே ஏறிவிட்டார்போலும், ஒருவரும் கவனிக்கவில்லை. இறங்கச் சொன்னால் இறங்கமாட்டேன் என்றார். அவர் அம்மாவுக்கு மானம் போயிற்று. மனம் விட்டுப்போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். ஜோத்பூர் குவார்ட்டர்ஸ் வாசலிலேயே ஏதோ முள்வால் ஜந்துக்கள் வளை தோண்டியிருக்கின்றனவாம். அதற்குப் பயந்து இவர் ஸ்டேஷன் வெயிட்டிங் ரூமிலேயே தூங்குகிறாராம்.

நான் அரணையும் கையுமாக நாற்காலியண்டை போனேன். அதுவரை அவர் முகத்தை நான் பார்த்திருக்கவில்லை.

"வால்ல முள்ளு வளையம் வளையமா இருக்குதா?"

"நான் எங்க நின்னு பார்த்தேன்," என்றார் அவர் பரிதாபமாக.

அவர் அம்மா என் கையைப் பார்த்தார், நாற்காலிமேல் நிற்கிற பிள்ளையைப் பார்த்தார், மறுபடி என் கையைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து, பஜ்ஜித் தட்டை இழுத்து வைத்துக்கொண்டார்.

"பூ வெச்சிடலாம். இவனுக்கு வேற எவ சரிப்படுவா?"

ஆனாலும் மனசு கேட்க வேண்டுமே. அரணை பல்லிக்கு என்ன முறை ஆகிறது என்று அப்பா என்னைத் தனியாகக் கேட்டார். ஒன்றுவிட்ட சொந்தம் என்றேன். அது போதும் என்று ரிக்‌ஷா கூப்பிட்டார். அரணையைக் கொல்லையில் விட்டுவிட்டு எல்லோரும் கோயிலுக்குப் போனோம்.

படியேற வரிசையில் நிற்கும்போது மாப்பிள்ளை என் பக்கமாக நகர்ந்து வந்து மெதுவாகக் கேட்டார்.

"அங்க வந்தா, வாசல்ல இருக்கறத எல்லாம் நீங்க புடிச்சிடுவீங்களா?"

"ஒண்ணு விடாம புடிச்சிடறேன்," என்றேன். சத்தியமாக மனசாரத்தான் சொன்னேன். அவர் முகத்தில் அப்போதுதான் கல்யாணக் களை வந்தது, பாவம். பிடித்து எங்கே வைப்பேன் என்று அவர் கேட்கவில்லை. கேட்காததற்கெல்லாம் நான் ஏன் பதில் சொல்ல வேண்டும்?