பிரேக்கர் வாயுவில் ஈரம் பார்த்தவர்

ஜூன் நான்கு, பிற்பகல் இரண்டு பத்து, மேகமில்லாத வெயில். இரண்டுக்கு வரவேண்டிய மின்சாரம் வரவில்லை. நட்டு மூன்றாம் நாளான என் சின்ன வெங்காயத்துக்கு அன்று உயிர்த்தண்ணீர் விட்டாக வேண்டும்.

கேட்கப் போனேன். குன்னம் அருகே துணைமின் நிலைய வேலிக்குள், காதில் பென்சில் செருகிய ஒல்லியான மனிதர் குந்தியிருந்தார். மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கருக்குள் இருக்கும் வாயுவின் ஈரத்தை அளக்கும் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பதினேழு தடவை குனிஞ்சு பார்த்துட்டீங்க. எழுதிக்கிட்டு கரண்டை விடுங்களேன்,” என்றேன் வேலிக்கு வெளியே நின்று.

“நம்பர் இன்னும் எறங்குதுங்க ஐயா. இப்பக் காட்டுறது அளக்குற பெட்டிக்கு வர்ற என் ட்யூப்புல இருந்த ஈரம். அதை பிரேக்கர் தலையில எழுதினா, நல்ல கேஸை மாத்தச் சொல்லிடுவாங்க. நாளைக்கும் கரண்டு இருக்காது.”

பொறுக்காமல் அங்கேயே நின்று லாரித் தண்ணீருக்குப் போன் செய்தேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. எண் அசையாமல் நின்ற பிறகே பென்சிலை எடுத்தார்.

மூன்று மணிக்கு லாரி வயலில் தண்ணீர் விட்டுப் போனது. மூன்று ஐந்துக்கு மின்சாரம் வந்தது. அந்த ஐந்து நிமிடத்துக்கு நான் கொடுத்தது ஆயிரத்து இருநூறு ரூபாய்.