நான் பார்த்ததாகச் சொன்ன கடல்

நாட்டின் தலைநகரில், ஆர்.கே.புரம் அரசு குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த நான் பத்து வயதுவரை கடலைப் பார்த்ததில்லை. சனி ஞாயிறோடு லீவு சேர்த்து மகாபலிபுரம் போகலாம் என்றார் அப்பா. குடும்பத்தோடு ஊர் பார்க்கப் போனால் பயணச் செலவை ஆபீஸே கொடுக்கும். தினமும் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, கற்கோயிலை எப்போது பார்ப்பது, அலையில் எப்போது இறங்குவது என்று திட்டம் போட்டார். நான் வீடு வீடாகச் சொல்லித் திரிந்தேன்.

கிளம்பிய அன்று அக்கம்பக்கமே கையசைத்தது. ஆட்டோ ஸ்டேஷனுக்குப் போகவில்லை. கரோல்பாகில் சித்தப்பா வீட்டு வாசலில் நின்றது.

"ஜல்தி இறங்கு. லீவு முடியற வரைக்கும் இங்கதான்" என்றார் அப்பா.

"கடல்?"

"ஆபீஸ் தர்ற பணத்துல டி.வி. வாங்கப் போறோம். யார் கேட்டாலும் கடல் பெருசா இருந்ததுன்னு சொல்லு. இல்லேன்னா அப்பா வேலை போயிடும்."

அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் ஊரெல்லாம் சொல்ல வேண்டும் என்றுதான் அப்பா என்னோடு திட்டம் போட்டார் என்பது அப்போதுதான் உறைத்தது. பள்ளியில் தோழிகள் கேட்டபோது, கடல் பெரிதாக இருந்தது என்றேன்.

பல வருடம் கழித்து, என் மகளோடு மகாபலிபுரம் போனேன். முதல் அலை காலை நனைத்ததும் அழுகை வந்துவிட்டது.

"இப்பதான் முதல் தடவையா பாக்கறியாம்மா?"

"இல்லடி. உன் வயசுலேயே தாத்தா கூட்டிட்டு வந்தார்."