காலி காம்பராவும் நூற்றைந்தும்

போன வாரம் தலவாக்கலையிலிருந்து ஹட்டனுக்கு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். கொட்டகலைக்குக் கிட்ட ஜன்னல் வழியாக ஈர மிலாறு எரிகிற புகை மூக்கில் ஏறியது. தேயிலையைக் கவ்வாத்து வெட்டும்போது கிடைக்கும் குச்சிதான் மிலாறு. தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் எங்கள் லயங்களில் அதுதான் விறகு. பக்கத்து சீட்டு அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டார். எனக்கோ பள்ளிக்கூடத்தில் நான் எடுத்த மூன்றாம் தரத்துக் கணக்குப் பாடம் ஞாபகம் வந்தது. சிரிக்காதீர்கள், நான் கணக்குச் சொல்லிக்கொடுத்ததே அந்தக் குச்சியை வைத்துத்தான்.

அப்போது வேலைக்குச் சேர்ந்த புதிது. பத்துக் குச்சியை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினால் ஒரு பத்து, பத்துக் கட்டைச் சேர்த்தால் நூறு. பிள்ளைகள் கட்டு கட்டாகக் கட்டித் தள்ளினார்கள். தர்ஷினியும் நன்றாகத்தான் கட்டுவாள். ஆனால் நூறு குச்சிக் கட்டு ஒன்றையும் ஐந்து தனிக் குச்சியையும் வைத்து எழுதச் சொன்னால் 15 என்று எழுதுவாள். "நடுவுல ஒன்னுமே இல்லையே டீச்சர், அங்க என்னத்த எழுத?" என்று என்னையே கேட்பாள். பூச்சியம் போடு என்பேன். ஏன் என்பாள். போடு என்றால் போடு என்பேன்.

பள்ளிக்கூட அதிபர் ஒருநாள் அவள் கணக்குக் கொப்பியைப் புரட்டிப் பார்த்தார். "திங்கக்கிழமை நானே வந்து கேப்பேன். எழுதலைன்னா ரெண்டாம் தரத்துல உக்கார வச்சிருங்க" என்றார். இரண்டாம் தரத்தில் அவள் தம்பி இருந்தான். "தம்பியோட உக்கார வச்சா நான் ஸ்கூலுக்கே வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான். எனக்கும் பிடிவாதம் வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை, வீட்டில் கட்டிப் பழகு என்று நூறு குச்சியைக் கொடுத்தனுப்பினேன். மழை மாதத்தில் காய்ந்த மிலாறை வீட்டுப்பாடமாகக் கொடுத்த அறிவாளி நானாகத்தான் இருப்பேன். மறுநாள் மாலை எப்படிப் பழகுகிறாள் பார்ப்போம் என்று லயத்துக்கே போனேன். காலில் இரண்டு அட்டை கடித்திருந்தது, சேலையெல்லாம் சேறு. அவள் அம்மா ஓடி வந்தார்.

"மன்னிச்சிருங்க டீச்சர், அடுப்பு பத்தவே இல்ல. அந்தக் கட்டத்தான் வச்சு எரிச்சிட்டேன். உக்காருங்க, தேத்தண்ணி குடிங்க."

என் நூறில் கொதித்த தேத்தண்ணியைக் குடித்தேன். இனி எதை வைத்துச் சொல்லிக்கொடுப்பது? வாசலைப் பார்த்தேன். குடும்பத்துக்கு ஒரு அறை, அதுதான் காம்பரா; கதவுகளில் தாரால் எழுதிய காம்பரா நம்பர்கள். அவர்களுடையது ஏழு. ஆறாம் காம்பராவில் பூட்டுத் தொங்கியது.

"அங்க யாரு இருக்கா?"

"யாருமில்ல டீச்சர். கொழும்புக்குப் போயிட்டாங்க."

"அப்ப அந்த நம்பரை அழிச்சிட்டு உங்களுக்கு ஆறுன்னு போட்டுருவோமா?"

தர்ஷினிக்குக் கோபம் வந்துவிட்டது. "அது எப்புடி? ஆளு இல்லாட்டியும் காம்பரா இருக்குல்ல? நாங்க ஏழுதான்!"

கரித்துண்டை எடுத்து சிமெந்துத் தரையில் மூன்று காம்பரா வரைந்தேன்: நூறு, பத்து, ஒன்று. நூறில் ஒருவர், ஒன்றில் ஐந்து பேர். "பத்துல ஆளில்லன்னு நூறுக்காரர் அங்க குடி வந்துறலாமா?" என்றேன். தர்ஷினி என் கையிலிருந்த கரியைப் பிடுங்கி, நடுக் காம்பராவில் ஒரு பூச்சியம் போட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. புகை என்று சொல்லிச் சமாளித்தேன்.

திங்கட்கிழமை அதிபர் வந்தார். இருநூற்று ஏழு எழுதச் சொன்னார். 207 என்று எழுதினாள். நடுவில் இந்தப் பூச்சியம் எதற்கு என்று கேட்டார். "ஆளு இல்ல சார், காம்பரா இருக்கு." அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால், "இங்கயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு தர்ஷினி குடும்பமும் கொழும்புக்குப் போய்விட்டது. லயத்தில் ஒவ்வொரு கதவாகப் பூட்டு ஏறியது. வகுப்பும் மெலிந்துகொண்டே வந்தது. இந்த வருடம் பிள்ளைகளையே கைகோக்க வைத்துப் பத்து என்றால் என்னவென்று காட்டலாம் என்று முற்றத்துக்கு அழைத்துப் போனேன். மூன்றாம் தரத்தில் மொத்தமே ஒன்பது பேர்.

சோக்குக் கட்டியைக் கீழே வைத்துவிட்டு, நானும் போய் அவர்களோடு கைகோத்து நின்றேன்.