நாற்பத்தொன்றாம் மூட்டு

வியாழக்கிழமை சாயங்காலம் கலியனும் மகள் தீபாவும் சேர்ந்து செய்த வேலை, ஒரு துண்டுக் காகிதத்தைப் படித்ததுதான். மண்ணுக்கடியில் கேஸ் பைப்புகளை இணைக்கும் கப்ளரோடு பையில் வந்த காகிதம். ஆங்கிலம். கலியனுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்க வரும்.

தீபா போசரி கம்பெனியில் எட்டு மணி நேரம் உதிரிபாகங்களை அளந்துவிட்டு வந்திருந்தாள்.

“எல்லாக் கப்ளரும் ஒண்ணுதாம்பா.”

“ஒண்ணுன்னா எதுக்குத் தனித்தனியா அச்சடிக்கிறான்? படி.”

படித்தாள். மிஷின் கப்ளரைச் சூடாக்கி உருக்கியபின் ஆறும் நேரம் இருபது நிமிடம். இதுவரை வாங்கிய கம்பெனியின் கப்ளருக்குப் பன்னிரண்டுதான். அதுவரை பைப்பை இறுக்கிப் பிடித்திருக்கும் கிளாம்ப்பைக் கழற்றக்கூடாது, பைப்பை அசைக்கக்கூடாது. கலியன் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

“போ, போய்ச் சாப்பிடு.”

இருபத்திரண்டு வருடம் போபோடி வீட்டிலிருந்து சைக்கிளில் போய், கேஸ் பைப் போடக் குழியில் இறங்கியவர். கூட வேலை செய்த யாருக்கும் அவரைப் பிடிக்காது. பைப்பின் மேல்தோலைச் சுரண்டாமல் கப்ளரை மாட்டினால் கையைத் தட்டிவிடுவார். முன்கூட்டியே பையைப் பிரித்து வைத்த கப்ளரை வீசி எறிவார். ஒவ்வொரு மூட்டின் பக்கத்திலும் அதன் எண்ணையும், கிளாம்ப் கழற்றும் நேரத்தையும் மார்க்கரால் எழுதுவார், தன் நோட்டிலும் குறித்துக்கொள்வார். அந்த நேரத்துக்கு முன்னால் தொட்டவனுக்குக் குடும்பத்தோடு திட்டு விழும்.

வெள்ளிக்கிழமை சாங்வியில் நாற்பத்தொன்றாம் மூட்டுக்கு ‘11.40’ என்று எழுதிவிட்டு அடுத்த குழிக்குப் போனார். சூப்பர்வைசர் சபரி வழக்கம்போலப் பன்னிரண்டு நிமிடம் கணக்குப் பண்ணி, 11.32க்கே கிளாம்ப்பைக் கழற்றிப் பைப்பை இழுத்துப் படுக்கவைத்தான். கலியன் ஓடிவந்து மூட்டின்மேல் பெரிய பெருக்கல் குறி போட்டார். வெட்டி எடு என்று அர்த்தம். அவர் கத்தக் கத்த, சபரி மண்ணைத் தள்ளச் சொன்னான்.

சாயங்காலம் வீட்டிலும் அதையே கத்தினார். தீபா காதில் இயர்போனை மாட்டிக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை பல் தேய்க்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை உயிர் தங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சபரி வந்தான். கலியன் மனைவி பவுனைப் பார்த்துக் கைகூப்பினான்.

“அண்ணன் தங்கமான மனுசன், அக்கா.” பிறகு தீபாவிடம் திரும்பினான். “அண்ணன் ஜாயிண்ட் எழுதுற நோட்டு வேணுமே. செவ்வாக்கிழமை லைன்ல கேஸ் விடறாங்க.”

“நாப்பத்தொண்ணை வெட்டினீங்களா?”

“பிரஷர் டெஸ்ட் பாஸ்மா. ஏக்தம் ஓகே, ஒரு குறையும் இல்ல.”

“இன்னிக்குப் பாஸாவும். ஆறாம அசைச்ச மூட்டு என்னிக்கு விடும்னு உங்களுக்குத் தெரியுமா? மேல வீடு இருக்குது.”

“எட்டு நிமிசத்துல இன்னா ஆயிடும்? எல்லாக் கப்ளரும் ஒண்ணுதாம்மா.”

வியாழக்கிழமை தீபாவே சொன்ன வார்த்தை.

பவுன்தான் எழுந்தாள். “அவரு சட்டை இன்னும் ஆணியில தொங்குதுடா. அதுக்குள்ள நோட்டு கேக்குறியா? போடா வெளியே!”

“நல்லதுக்குத்தான் சொல்றேன் அக்கா. அப்புறம் பேச்சு வேற மாதிரி இருக்கும்.”

“இருக்கட்டும். செருப்பை மாட்டு.”

அவன் போனதும் தீபா ஆணியிலிருந்து சட்டையை எடுத்தாள். கூடத் தொங்கிய கால்சட்டையின் பையில் நோட்டு இருந்தது. சட்டைப் பையில் அந்தக் காகிதம். பின்பக்கத்தில் பென்சிலால், கோணல் கையெழுத்தில் எழுதியிருந்தார்:

திங்கள் பத்து மணி. கேஸ் ஆபீஸ். 41 வெட்டச் சொல்லணும். இங்கிலீசு பேச தீபா வேணும். லீவு கிடைக்குமா, கேக்கணும்.