படிக்காமலே எடை போட்டவர்

குறிப்பு எழுதி வைத்துக்கொள்ளாமல் எனக்கு எதையும் எழுத வராது. ஆகவே சொல்லப்போவதை முதலிலேயே வரிசைப்படுத்திவிடுகிறேன்.

1. பேராசிரியர் ஞானசேகர் மறைந்த செய்தி எனக்கு வந்த விதம்.
2. பத்திரிகைத் தொழிலைப் பற்றிப் பாடம் நடத்திய அவர் பத்திரிகை படிக்காதவர் என்பது.
3. அவருடைய கொள்கை அவருக்கே உதவாமல் போனது.
4. என் ஆய்வேட்டை அவர் படிக்காமலேயே அநியாயமாகத் திருப்பிக் கொடுத்தார் என்பது.
5. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது.

பழைய மாணவர்கள் கொண்டுவரும் இந்த மலரில் மற்றவர்கள் அவரைப் புகழ்ந்திருப்பார்கள். புகழ ஆள் இருக்கிறது என்ற தைரியத்தில்தான் நான் இப்படி எழுதத் துணிகிறேன். துணிந்தது சரியா என்று இந்த வரியை எழுதும்போதும் எனக்குத் தெரியவில்லை.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலுக்குப் போய்த் திரும்பிய கையோடு பிரேசர் டவுனிலிருந்து ஸ்டெல்லா பேசினார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மாலைநேர இதழியல் பட்டய வகுப்பில் என்னுடன் படித்தவர். அப்போது ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

“அண்ணா, ஞானசேகர் சார் போயிட்டாரு. நேத்து சாயந்திரம்.”

“அப்படியா.”

“என்னண்ணா, கரண்ட் போயிடுச்சுன்னு சொன்ன மாதிரி அப்படியாங்கறீங்க? மலர் போடறாங்களாம். நீங்க எழுதணும்.”

“நல்லதா எழுத எனக்கு ஒண்ணும் இல்லம்மா.”

“உள்ளத எழுதுங்க. ஆனா சின்னதா எழுதுங்க. நீங்க ஆரம்பிச்சா முடிக்கமாட்டீங்க.”

அந்த வகுப்பில் சேரும்போது எனக்கு நாற்பது கடந்துவிட்டது. கன்டோன்மென்ட் என்கிற தண்டுப் பகுதியில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். அங்கே அச்சான ஒரு தமிழ் மாத இதழில் உதவி ஆசிரியர் இடம் காலியாக இருந்தது. பட்டயம் வாங்கிவந்தால் அந்த இடம் எனக்குத்தான் என்று ஆசிரியர் சொல்லியிருந்தார். பிறர் எழுத்தில் கால்புள்ளி தேடிக்கொண்டிருந்தவன் சொந்தமாக ஒரு பக்கம் எழுதலாம் என்ற ஆசை. அதற்காகத்தான் வேலை முடிந்து வகுப்புக்கு ஓடினேன். ஞானசேகர் என்னைவிட இளையவர். நான் உள்ளே நுழையும்போதெல்லாம் “வாங்க பெரியவரே, செய்தி ஆறிப்போறதுக்குள்ள உக்காருங்க” என்பார். வகுப்பு சிரிக்கும்.

கரும்பலகையில் மூன்று கட்டங்கள் வரைந்து, அனுப்புநர், செய்தி, பெறுநர் என்று எழுதி, நடுவே அம்புகள் போடுவார். ஊடகக் கோட்பாடு என்று அவரிடம் இருந்தது பெரும்பாலும் இந்த அம்புகள்தான். “படிக்காமலே ஒரு பத்திரிகையை எடை போடத் தெரியணும். அதுக்குத்தான் இந்தப் படிப்பு” என்பது அவர் அடிக்கடி சொல்லும் வாசகம். அதன் முதல் பாதியை அவர் உண்மையாகவே கடைப்பிடித்தார். எந்த இதழையும் அவர் முதல் பக்கத்திலிருந்து படித்து நான் பார்த்ததில்லை.

ஒருநாள் என் பையிலிருந்த வார இதழை வாங்கினார். விளம்பரப் பக்கங்களை ஒவ்வொன்றாகக் கிழித்து மேசையில் போட்டார். எஞ்சியதை இரண்டு விரலால் தூக்கிக் காட்டி, “இவ்வளவுதான் பத்திரிகை. மீதியெல்லாம் உங்கள விளம்பரக்காரனுக்கு விக்கற ஏற்பாடு” என்றார். கைதட்டினார்கள். அது என் மனைவியின் இதழ்.

“தொடர்கதையோட கடைசிப் பக்கம் எங்கே?” என்று இரவுச் சாப்பாட்டின்போது அவள் கேட்டாள்.

“புடவைக்கடை விளம்பரத்துக்குப் பின்னாடி இருந்துச்சு. புரொபசர் கிழிச்சுட்டாரு.”

“எதுக்கு?”

“விளம்பரத்தாலதான் பத்திரிகை நடக்குதுன்னு காட்ட.”

“அது நம்ம தெரு பால்காரனுக்கே தெரியும். அந்தாளுக்கு வீட்ல பொண்டாட்டி இருக்காங்களா? அவங்க புக்கையும் இப்படித்தான் கிழிப்பாராமா?”

பின்பக்கத்தில் ஒரு கதை முடிகிறது என்பது அவருடைய கட்டங்களில் எதிலும் அடங்காது. அன்றே எனக்கு அவர்மீது இருந்த மரியாதை போய்விட்டது.

மூன்றாவது குறிப்பு காலவரிசையில் கடைசியாக வரவேண்டும். ஆனால் நான்காவது குறிப்புக்குத்தான் அதிக இடம் தேவை என்பதால் இதை முன்னால் சொல்லிவிடுகிறேன். இரண்டாயிரத்துக்குப் பிறகு, மென்பொருள் கம்பெனிகளால் ஊர் வீங்கிக்கொண்டிருந்த நேரத்தில், அவரே ஒரு பத்திரிகை தொடங்கினார். எங்கள் அச்சகத்துக்கே வந்தது. அட்டையில் அவருடைய படம். உள்ளே பாதிக்கு மேல் அடுக்குமாடி வீட்டு விளம்பரங்கள். கட்டுரை போன்ற ஒன்றில், ஒரு கட்டடக்காரர் மனிதகுலத்துக்குக் காற்றோட்டமான சமையலறை தந்த வரலாறு இருந்தது. நேரில் கேட்கும் துணிச்சல் எனக்கு இல்லை. பிழை திருத்த வந்த மெய்ப்பின் ஓரத்தில் பென்சிலால், ‘இது விளம்பரமா, கட்டுரையா?’ என்று எழுதி அனுப்பினேன். அவரே வந்துவிட்டார்.

“பெரியவரே, அன்னைக்கு நடத்தினது தியரி. இது பிராக்டிகல். ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க.”

பத்திரிகை சில இதழ்களோடு நின்றது. விற்காத பிரதிகள் எங்கள் கிடங்கில் வெகுநாள் கிடந்தன. யாரும் கிழிக்கக்கூட எடுக்கவில்லை.

இனி ஆய்வேடு. தண்டுப் பகுதியில் தமிழ் வார இதழ்கள் எப்படி வாசிக்கப்படுகின்றன என்பது நான் எடுத்துக்கொண்ட பொருள். மர்பி டவுனில் நான் வழக்கமாக நிற்கும் கடையில் ஒன்றைக் கவனித்திருந்தேன். வார இதழை எடுத்துக் கொடுக்கும்போது கடைக்காரர் அதை நீளவாக்கில் மடிப்பார். முன்னட்டை உள்ளே போய்விடும், பின்னட்டை விளம்பரம் மட்டும் வெளியே தெரியும். 1991 கடைசியில் தமிழர்களுக்கு எதிரான காவிரிக் கலவரத்தின்போது கடைகளில் தமிழ்ப் பெயர்ப்பலகைகள் இறங்கியதைப் பார்த்தவன் நான். கையில் தமிழ் எழுத்து தெரியக்கூடாது என்ற அச்சம்தான் இந்த மடிப்பு என்று எழுதினேன். கடைக்காரரிடம் கேட்டு உறுதியும் செய்துகொண்டேன். “பயத்துலதானே மடிக்கறீங்க?” என்றேன். சில்லறை எண்ணிக்கொண்டே, “ஆமா சார், ஆமா” என்றார்.

வாய்மொழித் தேர்வன்று ஞானசேகர் என் ஆய்வேட்டின்மீது டீ கிளாஸை வைத்திருந்தார். கடைசிவரை கிளாஸை எடுக்கவில்லை. பொருள் என்ன என்று என்னையே சொல்லச் சொன்னார். சொன்னேன்.

“யாரக் கேட்டீங்க?”

“கடைக்காரரை, சார்.”

“கடைக்காரர் படிக்கறாரா, விக்கறாரா?”

“விக்கறாரு.”

“வாங்கிட்டுப் போறவங்கள?”

நான் டீ கிளாஸைப் பார்த்தேன்.

“இதுல கடைக்காரரோட பயம் இருக்கு, உங்க பயம் இருக்கு. வாசகர் எங்க பெரியவரே? போய்க் கேட்டு எழுதிட்டு வாங்க.”

நான் போகவில்லை. ஒரு பக்கமும் புரட்டாதவர் சொன்னதற்காக மறுபடி எழுதுவதா என்ற கோபம். பட்டயம் வரவில்லை. உதவி ஆசிரியர் இடத்துக்கு வேறொருவர் வந்தார். அவர் எழுதிய பக்கங்களுக்கும் நானே பிழை திருத்தி, அதே நாற்காலியில் ஓய்வு பெற்றேன். இத்தனை காலமும் ஞானசேகரைப் பற்றி யார் பேசினாலும் எனக்கு அந்த டீ கிளாஸ்தான் கண்ணில் படும்.

அந்த டீ கிளாஸ்தான் ஐந்தாவது குறிப்பு என்று கட்டுரையை இங்கேதான் முடித்திருந்தேன். பிழை இருந்தால் சொல்லட்டும் என்று ஸ்டெல்லாவுக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். மடிப்பு வந்த இடத்தில் சிரிக்க ஆரம்பித்தவர், முடிக்கும்வரை நிறுத்தவில்லை.

“அண்ணா, அந்தக் கடையிலதான் நானும் வாங்குவேன். மடிச்சுக் குடுங்கன்னு கேட்டதே நாங்கதான். என்கூட டூட்டி பார்த்த பொண்ணுங்க எல்லாரும் கேப்போம்.”

“பயத்துலதானே?”

“என்ன பயம்? அந்த அட்டையப் பாத்திருக்கீங்களா? ஈரச் சேலையில ஒருத்தி நிப்பா. அதைக் கையில புடிச்சுகிட்டு பஸ்ல நிக்கறதா? கண்ட பொறுக்கியும் அவள ஒருதரம் பாப்பான், என்னை ஒருதரம் பாப்பான். டீத்தூள் விளம்பரம்னா ஒருத்தனும் திரும்பமாட்டான்.”

“கலவரத்துக்கு அப்புறம்தானே இது?”

“அதுக்கு முன்னாடியே. நீங்க கலவரத்துக்கு அப்புறம் கவனிச்சிருப்பீங்க. பயந்த நாள்ல நாங்க புக்கே வாங்கலண்ணா. வாங்கினாதானே மடிக்கறதுக்கு?”

“இதை ஏம்மா அப்பவே சொல்லல?”

“நீங்க கேட்டீங்களா? பக்கத்து பெஞ்சுலதான் உக்காந்திருந்தேன். பொம்பளைங்க பக்கம் தலையத் திருப்பினாதானே!”

தொலைபேசியை வைத்துவிட்டு நான்காவது குறிப்பை மறுபடி படித்தேன். ஞானசேகரும் எந்தப் பெண்ணிடமும் கேட்டவரில்லை. ‘வாசகர் எங்க’ என்ற அந்தக் கேள்வியும் அவர் எல்லா மாணவர்களிடமும் கேட்டதாக இருக்கலாம். பக்கத்தைப் புரட்டும் சிரமத்தைத் தவிர்க்க ஒரு பொதுக் கேள்வி கைவசம் இருந்தால் வசதிதான். சோம்பலாகவே வாழ்ந்தவர் சோம்பலாகவே சரியாகச் சொல்லிவிட்டார். உழைத்துத் தவறு செய்தவனுக்கு இதைவிட எரிச்சலூட்டுவது ஒன்றில்லை. ஆனாலும் அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தக் கேள்வியைத்தான். வேறு எதையும் இல்லை.

மேலே நான்காவது குறிப்பில் ‘அநியாயமாக’ என்று இருப்பது பிழை. அவ்வளவு காலம் அப்படி நம்பியிருந்தேன் என்பது தெரியட்டும் என்று அடிக்காமல் விட்டிருக்கிறேன். ‘படிக்காமலேயே’ என்பது சரி. அதை மலர்க் குழுவினர் திருத்த வேண்டாம்.