உடும்பின் இடது முழங்கை

எதிரே யார் வந்தாலும் அவள் கண் முகத்துக்குப் போகாது, காலருக்குத்தான் போகும். பார்சல் கிடங்கில் கூட வேலை பார்ப்பவர்கள் அவள் பிடிக்கிற பிடியைப் பார்த்து உடும்பு என்று பெயர் வைத்துவிட்டார்கள். புது மேலாளர் வந்த அன்று எல்லோரும் வணக்கம் சொன்னார்கள். இவள் மட்டும் அவர் சட்டையைப் பார்த்து, "துணி மெலிசு சார். ஒரே இழுப்புல கையோட வந்துடும்" என்றாள். மனிதர் அன்றிலிருந்து கழுத்துப் பொத்தானையும் போட்டுக்கொண்டு வருகிறார்.

ஜூடோவில் பதினோரு வருடமாக ஐம்பத்தேழு கிலோ பிரிவு. பதினான்கு நாடுகள் போய் வந்தாயிற்று. கையில் ஒரே ஒரு வெண்கலம். அங்கெல்லாம் என்ன பார்த்தாய் என்று கேட்டால், "காலைல தராசு, மத்தியானம் கூரை" என்பாள். கூரையைப் பார்த்தாள் என்றால் மல்லாக்க விழுந்து தோற்றாள் என்று பொருள். சொல்லிவிட்டு அவளே முதலில் சிரிப்பாள்.

வினை கடைசியில் வீட்டுக்குள்ளிருந்தே வந்தது. அவளைவிட ஏழு வயது இளைய தங்கை அதே ஐம்பத்தேழு கிலோவில் வந்து நின்றாள். ஒரு பிரிவுக்கு ஒருவர்தான் வெளிநாடு போகலாம். முப்பத்தொரு வயது உடும்புக்கு இதை விட்டால் இன்னொரு முறை கிடையாது. "ரெண்டும் என் வயித்துல பொறந்ததுங்க. எதைப் பாத்து நான் கை தட்ட?" என்று அம்மா தேர்வுப் போட்டிக்கு வரவே இல்லை.

இறுதிச் சுற்றில் அக்காளின் இடது கை தங்கையின் கால்களுக்கு நடுவே வசமாக மாட்டியது. பழைய அடி பட்ட முழங்கை. தினமும் காலையில் அதற்கு ஒத்தடம் கொடுப்பவளே தங்கைதான். தங்கை இன்னும் ஓர் இழுப்பு இழுத்தால் வலி தாங்காமல் அக்காள் தோல்வியை ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். அவள் இழுக்கவில்லை; பிடி ஒரு நொடி தளர்ந்தது. உடும்பு கையை உருவிக்கொண்டு புரண்டு, தங்கையை மல்லாக்க அழுத்தினாள். இருபது நொடி அப்படியே பிடித்தால் வெற்றி. பிடித்தாள்.

உடை மாற்றும் அறையில் தங்கை முகம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி விட்ட?"

"விடலக்கா. வழுக்கிடுச்சு."

"எங்கிட்டயே பொய் சொல்றியா? இது நான் ஜெயிச்சதா, நீ குடுத்ததா?"

தங்கை குழாயை மூடினாள். உடும்புக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெளியே பயணப் பட்டியலில் அவள் பெயரை எழுதியாகிவிட்டது. போய்ப் பார்க்கவே பிடிக்கவில்லை.

கதவைத் தாழிட்டாள். "வா. விட்ட எடத்துலேருந்து ஆரம்பி" என்று ஈரத் தரையில் மல்லாந்து படுத்து, இடது கையைத் தங்கையிடம் நீட்டினாள்.