வளையத்தில் இறங்காத தண்ணீர்

அல்போன்ஸ் அண்ணனின் இடது முழங்கையை உடைத்தவன் நான்தான், யுகேந்திரன். அவரைப் பற்றி எழுத உனக்கு என்ன யோக்கியதை என்று கேட்பவர்கள் கேட்கட்டும். எங்கள் தோட்டத்தில் என்னைவிட அவரை நெருங்கிப் பார்த்தவன் கிடையாது. அடிக்கிற தூரத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

அவருக்கு மஸ்ஜித் தானாவில் வீடு. ஐம்பத்து மூன்று வயது, ஒல்லி உடம்பு, ஒரு பழைய சாகா கார். மலாக்கா டவுனில் ஓர் இன்ஜினியர் ஆபிசில் மழைத்தண்ணீர்க் கணக்குப் பார்க்கும் வேலை. ஒரு நிலத்தில் வீடுகள் வந்தால் பெய்கிற மழையில் எவ்வளவு மண்ணுக்குள் போகும், எவ்வளவு ஓடி வரும், ஓடி வருவதைத் தேக்க எத்தனை பெரிய குளம் வேண்டும் என்று சொல்லவேண்டும். வாசலில் அளவுக் குப்பி வைத்து இருபத்திரண்டு வருடமாக மழையை அளந்து பள்ளிக்கூட நோட்டில் எழுதி வந்தார். கல்யாண நாளை மறக்கிற மனுஷன் மழை பெய்த நாளை மட்டும் மறக்கமாட்டார் என்று அவர் மனைவி பிரிஜிட் அக்கா திட்டுவார்.

தோட்டத் தொழிலாளர்களுக்கான எங்கள் லயம் செம்பனைக் குன்றின் அடியில் இருந்தது. வரிசையாகப் பதினான்கு வீடுகள். கடைசி வீட்டில் நானும், நடக்க முடியாத என் அம்மா பெத்தம்மாளும். குன்றை ஒரு கம்பெனி வாங்கி, மரங்களைச் சாய்த்து, முந்நூறு வீடு கட்டப்போவதாகப் பலகை நட்டது. அதில் 'பசுமை வடிகால்' என்று அழகான படம். புல் வாய்க்கால், இடைவெளி விட்ட தரைக்கல், மணல் குழி. மழையை விழுந்த இடத்திலேயே மண் குடித்துவிடுமாம், அதனால் அடிவாரத்தில் சின்னக் குளம் போதுமாம். மணிக்கு நாற்பது மில்லிமீட்டர் குடிக்கும் என்று, கம்பெனிக்குக் கணக்குப் போட்ட அவர் ஆபிசில் ஏதோ புத்தகத்திலிருந்து எடுத்துப் போட்டிருந்தார்கள். ரோலர் ஏறிய செம்மண் அவ்வளவு குடிக்காது என்பது அல்போன்ஸ் அண்ணனின் சந்தேகம். குடிக்காவிட்டால் தண்ணீர் எங்கள் பதினான்கு வீடுகள் மேல்தான் வரும். அதை அளக்கத்தான் அவர் வந்தார். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு இரும்பு வளையங்களை மண்ணில் அடித்து இறக்கி, தண்ணீர் ஊற்றி, ஒரு மணி நேரத்தில் உள்வளையத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பார். குன்றின் மேல் இரண்டு இடங்களில் முடித்துவிட்டு, மூன்றாவதாகக் குளம் வரப்போகிற இடத்துக்கு வந்தார். அது எங்கள் முனீஸ்வரன் கோயிலுக்குப் பத்தடி தூரம்.

நான் லோரியை நிறுத்திவிட்டு வந்தபோது, சாமிக்கு எதிரில் முன்பின் தெரியாத ஒருவர் இரும்பை மண்ணில் இறக்கி, தண்ணீர் ஊற்றி, முணுமுணுத்துக்கொண்டு குந்தியிருந்தார். பக்கத்துத் தோட்டத்தில் கோயிலை உடைப்பதற்கு முன் ஒரு போமோவை, மலாய் மந்திரவாதியைக் கூட்டிவந்து மந்திரத்தால் சாமியைக் கட்டினார்கள் என்று ஊரே பேசிக்கொண்டிருந்த சமயம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அவர் முணுமுணுத்தது நிமிடக் கணக்கு.

யார் அனுப்பியது என்று கேட்டேன். பதிலுக்குக் காத்திருக்காமல் கன்னத்தில் அறைந்தேன். விழுந்தவரை விலாவில் உதைத்தேன். இன்னும் மூன்று பேர் சேர்ந்துகொண்டார்கள். வாயிலிருந்து ரத்தம் வழிந்தபோதும் அவர் எங்களைப் பார்க்கவில்லை, வளையத்தையே பார்த்தார்.

"என்ன அடிங்க தம்பி, அத மட்டும் தொடாதீங்க. இன்னும் இருவது நிமிஷம்தான் லா."

மந்திரம் பலிக்க இருபது நிமிடம் வேண்டுமாக்கும் என்று நினைத்தேன். மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்து வளையத்தின் மேல் ஓங்கினேன். அவர் இடது கையைக் குறுக்கே நீட்டினார். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. கேட்டும் நான் நிறுத்தவில்லை. வளையத்தை உதைத்துப் பிடுங்கிப் புதரில் எறிந்தேன். சாமியைக் காப்பாற்றிவிட்டேன் என்று அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

அவர் போலீசுக்குப் போகவில்லை. பத்தாம் நாள், கட்டுப் போட்ட கையோடு திரும்பி வந்தார். கீழ்ப்பக்கத்து அளவு இல்லாமல் நாற்பது என்ற எண்ணை மாற்ற முடியாது என்று அவர் முதலாளி சொல்லிவிட்டாராம். மறுநாள் கணக்கைக் கொடுத்தாகவேண்டுமாம். நான் பாராங்கத்தியோடு குறுக்கே நின்றேன்.

"மேல அளந்துட்டேன் தம்பி. ஒரு மணி நேரத்துல அஞ்சு மில்லிகூட எறங்கல. தண்ணிக்கு ரெண்டே எடம்தான். ஒண்ணு மண்ணு, இல்லாட்டி ஒங்க வீடு."

மிரட்டுகிறான் என்றுதான் எனக்குப் பட்டது. கத்தியை அவர் கார் பானெட்டில் இறக்கினேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. அவர் போய்விட்டார். கணக்கு நாற்பதாகவே போனது. குளம் சின்னதாகவே வந்தது. இரண்டு வருடத்தில் குன்று முழுக்கத் தாரும் கூரையும் ஏறிவிட்டன.

அந்த நவம்பரில் ஒரு பிற்பகல், நான் கிளேபாங்கிலிருந்து லோரியில் திரும்பிக்கொண்டிருந்தேன். மழை பிடித்த அரை மணியில் அல்போன்ஸ் அண்ணன் வீட்டு அளவுக் குப்பி அறுபது மில்லியைத் தாண்டியதாம். உடனே காரை எடுத்துக்கொண்டு எங்கள் லயத்துக்கு வந்திருக்கிறார். கதவு கதவாக உதைத்து, வரமாட்டேன் என்றவர்களைச் சட்டையைப் பிடித்து இழுத்து, ரோட்டு மேட்டில் ஏற்றியிருக்கிறார். பதிமூன்று வீடுகள் காலியாகிவிட்டன.

நான் போய்ச் சேர்ந்தபோது குளத்தின் கரை உடைந்துவிட்டது. மரக்கட்டையும் தகரமுமாகச் செம்மண் வெள்ளம் இறங்கி முதல் வீட்டுச் சுவரைச் சாய்த்தது. எங்கள் வாசலில் அவர் நின்றார், தோளில் அம்மா. எங்களுக்கு நடுவில் இருபதடி வெள்ளம். நான் குதித்தேன். ஒரு கட்டை மார்பில் மோதி என்னைக் கரையில் தள்ளியது. அடுத்து வந்த வெள்ள வேகத்தில் அவர் விழுந்தார். வலது கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார், இடது கையால் அம்மாவின் மணிக்கட்டை. அன்று நான் அடித்ததில் நரம்பும் போயிருந்தது. அந்த முழங்கை மடங்காது, விரல்கள் இறுகாது. இழுக்கப் பார்த்தார். அவர் அலறியது அந்த மழையிலும் கேட்டது. அம்மாவின் மணிக்கட்டு நழுவியது. கை வெறுமையானது.

மறுநாள் காலையில் ரோட்டுக்கு அடியில் போகிற குழாயின் வாயில் அம்மாவை எடுத்தோம். முகம் தெரியாமல் தகரம் கிழித்திருந்தது.

சடங்குக்கு அவர் வந்தார். உடம்பெல்லாம் சிராய்ப்பு, கண் வீங்கியிருந்தது. என் முன்னால் வந்து நின்றார்.

"மன்னிச்சிரு தம்பி. புடிச்சேன். கையில பலமில்ல."

எதனால் பலமில்லை என்று அவர் சொல்லவில்லை. கூடியிருந்த அத்தனை பேருக்கும் தெரியும். அவர் காலில் விழுந்து, என்னை அடித்துக் கொல்லச் சொன்னேன். அவர் குனிந்து, வலது கையால் என்னைத் தூக்கிவிட்டார்.